கற்றுக் கொடுக்காமல் தேர்வு வைக்காதே!

(முதல் தலைமுறை ஆய்வு மாணவர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உள்ளே வரும்போது வாசலில் ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். பொருளாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்து நான்கு மாதம் ஆகிறதாம். "தோழர், இந்தக் கோர்ஸ் ஒர்க்கை எப்படியாவது தாண்டிவிட்டால் போதும். அப்புறம் ஆய்வைப் பார்த்துக்கொள்வேன். சுலபமாக முடிக்க ஒரு வழி சொல்லுங்கள்" என்றார். மேடையில் பதில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியவில்லை. எங்கிருந்தாலும் கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்தத் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். கோர்ஸ் ஒர்க் என்றாலே தாண்ட வேண்டிய வேலி என்றுதான் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால் என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். எங்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியர் பணியிடம் காலியாகவே கிடந்ததால், மேல்நிலையில் கணக்குப் பிரிவு கிடையாது. இருந்தது கலைப் பிரிவுதான். அதனால் அதைப் படித்தேன். பிறகு அரசுக் கல்லூரியில் பி.ஏ., எம்.ஏ. பொருளாதாரம். தேர்வுகளைத் தமிழில்தான் எழுதினேன். ஆய்வுக்கு இடம் கிடைத்த நாளில் அப்பா கடன் வாங்கி எங்கள் காலனி முழுக்க இனிப்பு கொடுத்தார்.

பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பு எக்கனாமெட்ரிக்ஸ். பேராசிரியர் கரும்பலகையில் ஓர் அணியை எழுதினார். பக்கத்திலேயே அதன் நேர்மாறு அணியை எழுதினார். "இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். எட்டுப் பேர் இருந்த வகுப்பில் ஐந்து பேர் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆட்டாமல் இருந்த இரண்டு பேரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் ஆட்டினேன்.

அந்தப் பருவத்தில் அந்தத் தாளில் நான் தேறவில்லை. துறையின் தாழ்வாரத்தில் ஒருவர் இன்னொருவரிடம், "கோட்டாவில் எடுத்தால் இப்படித்தான்" என்று சொல்வது என் காதில் விழுந்தது. விழ வேண்டும் என்றுதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அப்போது கணிதத் துறையில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஓர் அக்காதான் என்னைக் கரையேற்றினார். நூலகத்துப் படிக்கட்டில் மாலை நேரத்தில் உட்கார்ந்து, நாற்பது நாள் சொல்லிக் கொடுத்தார். அணியில் தொடங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு எது கிடைக்காமல் போனதோ அங்கிருந்து தொடங்கினார். அடுத்த முறை அந்தத் தாளில் 71 மதிப்பெண். நாற்பது நாள் மாலை வகுப்பில் தீர்ந்துபோன ஒரு குறையைத்தான் என் பிறப்போடு முடிச்சுப் போட்டிருந்தார்கள் தோழர்களே!

நான் சொல்ல வந்தது இதுதான். கோர்ஸ் ஒர்க் என்பது, இந்தச் சமூகம் நமக்குத் தர மறுத்ததைத் தர வேண்டிய கடைசி இடம். அங்கேயும் கற்றுக் கொடுக்காமல் தேர்வு மட்டும் வைத்தால், அது நம்மை வடிகட்டி வெளியே கொட்டும் சல்லடை ஆகிவிடும்.

விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைதான் ஆய்வு மாணவர்களுக்குக் குறைந்தது ஒரு பருவமாவது கோர்ஸ் ஒர்க் கட்டாயம் என்று ஆக்கியது. அப்போது மானியக் குழுவின் தலைவராக இருந்தவர் சுகதேவ் தோரட். பொருளாதார அறிஞர், அம்பேத்கரியர். ஆகவே, கோர்ஸ் ஒர்க்கே நமக்கு எதிரான சதி என்று யாரும் அவசரப்பட்டுப் பேச வேண்டாம். அதற்கு முன்பு பல இடங்களில் மாணவருக்கு நெறியாளர் மட்டுமே கதி. அவர் சொல்லிக் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வீட்டில் பேராசிரியர் இருக்கிற பிள்ளைக்கு அது பிரச்சினையில்லை. நமக்குத்தான் வகுப்பு வேண்டும்.

2016இல் அந்த ஒழுங்குமுறை மாறியது. 2022 நவம்பரில் மறுபடியும் மாறியது. இப்போதைய விதிப்படி குறைந்தது 12 கிரெடிட். ஆய்வு, வெளியீட்டு நெறிமுறைகள் பற்றிய பாடமும் அதில் உண்டு. கோர்ஸ் ஒர்க்கில் 55 விழுக்காடு எடுத்தால்தான் ஆய்வைத் தொடரலாம், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். இந்த 55 என்ற எண் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் 12 என்ற எண்ணை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு, ஒரு பருவத்துக்குச் சுமார் 15 வாரம் என்றால் அது ஒரு கிரெடிட். அப்படியென்றால் 12 கிரெடிட்டுக்கு 180 மணி நேரம். உங்களில் எத்தனை பேருக்கு 180 மணி நேரம் வகுப்பு நடந்தது? கை தூக்குங்கள் பார்ப்போம்.

(ஒருவர் மட்டும் கை உயர்த்துகிறார். சிரிப்பு.)

சிரிக்கிறோம். ஆனால் இது சிரிக்கிற விஷயம் இல்லை. பல இடங்களில் நடப்பது என்ன? பாடத்திட்டத் தாள் ஒன்று கையில் தரப்படுகிறது. "படித்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். நெறியாளரின் வேலைகளைச் செய்துகொண்டே நீங்களாகப் படிக்கிறீர்கள். பருவ முடிவில் தேர்வு வருகிறது. 55 எடுக்க வேண்டும் என்ற கடமை உங்களுக்கு இருக்கிறது. 180 மணி நேரம் கற்றுக் கொடுக்க வேண்டும் என்ற கடமையை யாரும் நிறுவனத்திடம் கேட்பதில்லை.

இதன் விலை சில நேரம் உயிராக இருந்திருக்கிறது. 2008 பிப்ரவரியில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் செந்தில்குமார் என்ற தலித் ஆய்வு மாணவரை இழந்தோம். நம் சேலம் மாவட்டத்திலிருந்து போனவர். இயற்பியல் துறை. நெறியாளர் ஒதுக்கப்படவில்லை. கோர்ஸ் ஒர்க்கில் ஒரு தாளில் தேறவில்லை. தேறாதவர்களுக்கு உதவித்தொகை நின்றுவிடும் என்ற நிலைமை. ஊரில் இருக்கிற குடும்பமும் அந்த உதவித்தொகையை நம்பியிருந்தது. பல்கலைக்கழகம் அமைத்த விசாரணைக் குழுவே, அத்துறையின் கோர்ஸ் ஒர்க் நடைமுறைகளில் தெளிவில்லை என்று பதிவு செய்தது. ஒரு தாளின் மதிப்பெண் ஒருவருக்கு வெறும் மதிப்பெண்ணாகவும், இன்னொருவருக்கு வாழ்வாதாரமாகவும் இருக்கிற நாடு இது. உங்களில் யாராவது இன்று அந்த நெருக்கடியில் இருந்தால், தயவுசெய்து தனியாகச் சுமக்காதீர்கள். இந்தக் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் வந்து பேசுங்கள். ஒரு தாளுக்காகத் தலைகுனிய வேண்டியவர்கள் நாம் அல்ல.

இப்போது நம் பாட்டன் ஒருவருடைய கோர்ஸ் ஒர்க்கைப் பார்ப்போம்.

1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார் அம்பேத்கர். அங்கே மூன்றாண்டுகளில் அவர் எடுத்த பாடங்களின் கணக்கு பல்கலைக்கழகப் பதிவேட்டில் இருக்கிறது. பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, தொடக்கநிலை பிரெஞ்சில் ஒன்று, ஜெர்மனில் ஒன்று. மொத்தம் 60 பாடங்கள்! நாம் 12 கிரெடிட்டைத் தாண்ட வழி தேடுகிறோம். பள்ளியில் சாக்குத் துணியில் தனியே உட்கார வைக்கப்பட்ட அந்த மனிதர், கற்றுக் கொடுக்க ஆளிருந்த ஓரிடம் கிடைத்ததும் அங்கிருந்த பாடங்களையெல்லாம் அள்ளிக்கொண்டார்.

அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்தவர் பொது நிதியியல் அறிஞர் செலிக்மன். அந்தப் பயிற்சியில் விளைந்ததுதான் பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றிய ஆய்வேடு. 1925இல் செலிக்மனின் முன்னுரையோடு அது நூலாக வந்தது. 1927இல் முனைவர் பட்டம் முறைப்படி வழங்கப்பட்டது.

இதில் இளம் தோழர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1916 மே 9 அன்று அம்பேத்கர் இந்தியாவில் சாதிகள் பற்றிய தன் கட்டுரையை வாசித்தார். எந்த வகுப்பில்? பொருளாதார வகுப்பில் அல்ல, கோல்டன்வைசர் என்ற அறிஞர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில். பொருளாதாரத்தில் பட்டம் வாங்கப் போனவர், பக்கத்துத் துறையில் எடுத்த ஒரு பாடத்துக்காக எழுதியது அது. நூறாண்டுக்கு மேல் ஆகியும் உலகம் படித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்துத் துறைக்குப் போக வழியில்லாத கோர்ஸ் ஒர்க்காக இருந்திருந்தால், அந்தக் கட்டுரை அன்று அங்கே பிறந்திருக்குமா?

அதோடு அவர் நிறுத்தவும் இல்லை. 1916இல் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனவர், ஹாப்ஹவுஸிடம் சமூகப் பரிணாமமும் மெக்கின்டரிடம் புவியியலும் படிக்கச் சேர்ந்தார். 1917இல் உதவித்தொகை முடிந்து பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. பம்பாயில் சிடென்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்திச் சேர்த்த பணமும் கோலாப்பூர் சாகு மகராஜின் உதவியுமாக 1920இல் மறுபடி லண்டன் போனார். 1921இல் எம்.எஸ்சி., 1923இல் ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆய்வுக்கு டி.எஸ்சி. உதவித்தொகை நின்றால் படிப்பு நிற்கும் என்பது அவருக்கும் நடந்ததுதான்.

சரி, நம் பொருளாதாரத் துறைகளில் என்ன சொல்லித் தருகிறார்கள்? ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். எக்கனாமெட்ரிக்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கும் புரியும்படி சொல்கிறேன். கூலி எதனால் கூடுகிறது, குறைகிறது என்று கண்டுபிடிக்க ஒரு சமன்பாடு எழுதுவார்கள். கல்வி, அனுபவம், வயது என்று காரணிகளை அடுக்குவார்கள். சாதியை எப்படிச் சேர்ப்பது? பட்டியல் சாதி என்றால் 1, இல்லையென்றால் 0. இதற்குப் பெயர் டம்மி மாறி. ஆயிரமாண்டு ஒடுக்குமுறை அங்கே ஒரு டம்மியாக வந்து உட்காரும். கல்வியும் அனுபவமும் சமமாக இருந்தும் கூலியில் மிஞ்சுகிற வித்தியாசத்தைத்தான் பாகுபாடு என்று எடுத்துக்கொள்வார்கள்.

இதில் இரண்டு கேள்விகளை வகுப்பில் எழுப்ப வேண்டும். முதலாவது, அந்தக் கல்வி எப்படிக் குறைந்தது? கணக்கு ஆசிரியர் இல்லாத பள்ளியில் நான் படித்தது தற்செயலா? கல்வியைத் 'தகுதி' என்று ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் பாகுபாடு என்றால், சாதியின் பெரும்பகுதி கணக்கிலிருந்தே தப்பித்துவிடும். இரண்டாவது, 0 யார்? எல்லோரையும் அளக்கும் அளவுகோலாக, தன் சாதியைப் பற்றி எந்தக் கேள்வியும் கேட்கப்படாமல் அடித்தளத்தில் உட்கார்ந்திருப்பவர் யார்? 1936இலேயே அம்பேத்கர் சொல்லிவிட்டார், சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து வைப்பது என்று. இது முழுக்க முழுக்க ஒரு பொருளாதார வாதம். உழைப்புச் சந்தை பற்றிய பாடத்தின் முதல் வாரத்தில் வர வேண்டியது. உங்கள் பாடத்திட்டத்தில் எத்தனையாவது வாரத்தில் வருகிறது என்று எடுத்துப் பாருங்கள். வருகிறதா என்றும் பாருங்கள்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் இந்தக் கணக்கெல்லாம் பார்ப்பனியக் கணக்கு, நமக்கு வேண்டாம்" என்று யாராவது கிளம்பினால் அதுவும் தவறு. தோரட்டும் பால் அட்வெல்லும் 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செய்தித்தாளில் வந்த தனியார் நிறுவன வேலை விளம்பரங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். 548 விளம்பரங்கள், 4,808 விண்ணப்பங்கள். தகுதி ஒன்றாகவே இருக்கும், பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர். முடிவு என்ன? உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் 1 என்றால், தலித் பெயருக்கு 0.67. "தனியார் துறையில் சாதியெல்லாம் பார்ப்பதில்லை, திறமைதான்" என்று பேசியவர்களின் வாயை அடைத்தது அந்த 0.67. அந்த எண்ணை எடுக்க எக்கனாமெட்ரிக்ஸ் தெரிந்திருக்க வேண்டும். டம்மி மாறியை யார் கையில் எடுக்கிறார்கள், என்ன கேள்வியோடு எடுக்கிறார்கள் என்பதுதான் விஷயம். கருவியும் வேண்டும், கேள்வியும் வேண்டும். ஒன்று இருந்து இன்னொன்று இல்லாவிட்டால் பயனில்லை.

கேள்வியைத் தொலைத்துவிட்டுக் கருவியை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அங்கே பொருளாதார முனைவர் படிப்பில் முதல் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் வகுப்புகள்தான். நுண்ணியல், பேரியல், எக்கனாமெட்ரிக்ஸ் மூன்றும் அடிப்படை. டேவிட் கொலாண்டர், அர்ஜோ கிளாமர் இருவரும் முன்னணிப் பல்கலைக்கழக மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பு 1987இல் வெளியானது. வேகமாக முன்னேற எது முக்கியம் என்று கேட்டார்கள். கணக்குகளைத் தீர்ப்பதில் கெட்டிக்காரராக இருப்பது மிக முக்கியம் என்றவர்கள் 65 விழுக்காடு. நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றி ஆழமான அறிவு மிக முக்கியம் என்றவர்கள் 3 விழுக்காடு! பிறகு ஆன் க்ரூகர் தலைமையில் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் அமைத்த குழு 1991இல் இதே கவலையைச் சொன்னது. நுட்பம் தெரிந்தவர்கள் வருகிறார்கள், நிஜமான பொருளாதாரப் பிரச்சினை தெரியாதவர்களாக வருகிறார்கள் என்பதுதான் அந்தக் கவலை.

அதே அமெரிக்காவில் இன்னொரு வழக்கமும் உண்டு. பல பல்கலைக்கழகங்களில் முதல் பருவம் தொடங்கும் முன்பே புதிய மாணவர்களுக்குச் சில வாரம் கணித முகாம் நடத்துகிறார்கள். நல்ல நல்ல கல்லூரிகளில் கணக்குப் படித்துவிட்டு வருகிற மாணவர்களுக்கே நடத்துகிறார்கள். அவர்களுக்கு நடத்தினால் அதன் பெயர் 'தயாரிப்பு'. நாம் இங்கே கேட்டால் அதன் பெயர் 'சலுகை'யா? 'தரம் குறைந்துவிடுமா'?

தோழர்களே, ஆகவே நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவைதான்.

ஒன்று, கோர்ஸ் ஒர்க் தொடங்கும் முன் எல்லா ஆய்வு மாணவர்களுக்கும் கணித, புள்ளியியல் ஆயத்த வகுப்பு வேண்டும். நம்மை மட்டும் தனியே பிரித்து 'பின்தங்கியோர் வகுப்பு' என்று பெயர்ப்பலகை மாட்ட வேண்டாம். எல்லோருக்கும் நடக்கட்டும். தமிழ் வழியில் வந்தவருக்குத் தமிழிலும் விளக்கட்டும்.

இரண்டு, 12 கிரெடிட் என்றால் அத்தனை மணி நேர வகுப்புக்கும் அட்டவணை வேண்டும். பாடம் நடத்தாத தாளுக்குத் தேர்வு கூடாது.

மூன்று, விடைத்தாளைப் பார்க்கும் உரிமை, மறுதேர்வு எப்போது என்பது முதல் நாளே எழுத்தில். மறுதேர்வு முடியும் வரை உதவித்தொகையில் கை வைக்கக் கூடாது.

நான்கு, அம்பேத்கரின் பொருளாதார எழுத்துகளும் சாதியின் பொருளாதாரமும் பாடமாக வேண்டும். பக்கத்துத் துறையில் பாடம் எடுத்து அதற்கு கிரெடிட் பெற 2009 ஒழுங்குமுறையே இடம் கொடுத்தது. சமூகவியல், வரலாறு, புள்ளியியல் துறைகளின் கதவைத் தட்டுங்கள்.

ஐந்து, வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணியை ஆய்வு மாணவருக்குத் தரலாம் என்கிறது 2022 விதி. அதை வகுப்பறையில் கொடுங்கள். நெறியாளர் வீட்டு மின்கட்டணம் கட்டுவது கற்பித்தல் பயிற்சி ஆகாது.

இதெல்லாம் நிறைவேறும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு படிப்பு வட்டம். விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் இல்லையே என்று தயங்காதீர்கள். 'ஆர்' என்ற மென்பொருள் இலவசம், உலகமெங்கும் பொருளாதார அறிஞர்கள் பயன்படுத்துகிறார்கள். தேறியவர்கள் ஆளுக்கொரு தாளை எடுத்து அடுத்த ஆண்டு வருகிறவர்களுக்கு நடத்துங்கள். எனக்கு அந்த அக்கா செய்ததற்கு நான் இதுவரை ஒன்பது மாணவர்களுக்குச் செய்திருக்கிறேன். கடன் இன்னும் தீரவில்லை.

வாசலில் பார்த்த தம்பிக்கு என் பதில் இதுதான். சுலபமாகத் தாண்டும் வழியைத் தேடாதே தம்பி. அந்த 180 மணி நேரமும் உன்னுடையது, உன் அப்பன் ஆத்தா கட்டிய வரியில் நடக்கிற வகுப்பு அது. ஒரு மணி நேரத்தைக்கூட விட்டுக்கொடுக்காதே. நாளைக்கு யாராவது கரும்பலகையில் எதையோ எழுதிவிட்டு, "இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்" என்று சொன்னால், நான் செய்தது போலத் தலையாட்டாதே. எழுந்து நின்று, "தெரியாது சார், சொல்லிக் கொடுங்கள்" என்று கேள். உனக்குப் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருக்கும் நான்கு பேருக்கும் சேர்த்துக் கேள்.